கச்சான் அடிக்கிற நேரம் கயாக்கை இறக்காதேங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி, ஆவணி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வன்னியில் எங்கெங்கே போகலாம் என்று உங்கள் வார இறுதிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வன்னி என்றால் போரின் மிச்சத்தை மட்டும் காட்டிக்கொண்டிருக்காமல் களப்பு, கடல், பறவை என்று எழுதியது நல்ல விசயம். ஆனால் போகிற போக்கில் அதில் ஒரு வரி இருந்தது. அந்த மாதங்களில் முல்லைத்தீவுக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகு ஓட்டத் தோதான காலம், துணிந்தவர்கள் நாச்சிக்குடாப் பக்கமாக இரணைதீவுக்கும் துடுப்புப் போட்டுப் போய்வரலாம் என்று. எழுதியவர் கரையில் நின்று கடலைப் பார்த்திருக்கிறார், உள்ளே போய்ப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அந்த வரியை நம்பி யாராவது இறங்கிவிடக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கயாக்குக்கு எதிரி இல்லை. நானும் ஓட்டுகிறவன். விடியற்காலையில் நந்திக்கடல் களப்பில் துடுப்பைப் போட்டுக்கொண்டு போனால் நாரையும் கொக்கும் செட்டையடித்து எழும்புகிற சத்தம் மட்டும்தான் கேட்கும், அந்தச் சுகம் எஞ்சின் போட்டில் வராது. தடைசெய்யச் சொல்லி எழுதவில்லை. களப்பில் ஓட்டுவதையும் கரையை விட்டுத் திறந்த கடலைக் குறுக்கே வெட்டிப் போவதையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்துப் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

வன்னிக்கு இரண்டு கரை. கிழக்கே கொக்கிளாய், நாயாறு, அளம்பில், முல்லைத்தீவு, சுண்டிக்குளம் என்று வங்காள விரிகுடாவைப் பார்த்த கரை. மேற்கே பூநகரி, நாச்சிக்குடா, இரணைமாதா நகர், விடத்தல்தீவு, மன்னார் என்று இந்தியப் பக்கம் பார்த்த கரை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலும் மேற்கிலும் இருந்து சோளகமும் கச்சானும் அடிக்கும். கார்த்திகையில் இருந்து மாசி மட்டும் வடகிழக்கில் இருந்து வாடை. இது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இந்த இரண்டு காற்றையும் அந்த இரண்டு கரையோடு பொருத்திப் பார்த்தால்தான் ஆபத்து எங்கே இருக்கிறது என்று விளங்கும். வாடைக்கு முல்லைத்தீவில் அலை எழும்பி மீனவர் குடில் வாசல் மட்டும் வந்து விழும், இறங்கக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் இறங்கமாட்டார்கள், ஆகவே யாரும் சாகவும் மாட்டார்கள். சோளகத்தில் அதே முல்லைத்தீவில் காற்று தரையில் இருந்து கடலுக்கு அடிக்கிறது. கரையோரம் தண்ணீர் மடிப்புக் குலையாமல் கிடக்கும், ஏனென்றால் அலை வளரக் காற்றுக்கு ஓடுகிற தூரம் வேண்டும், அந்தத் தூரம் கரைக்குப் பக்கத்தில் இல்லை. பனையும் சவுக்கும் வேறு மறைத்துக்கொண்டு நிற்கும், காற்று எவ்வளவு என்பதே கரையில் நிற்பவருக்குப் பிடிபடாது. முந்நூறு, நானூறு மீற்றர் போன பிறகுதான் முதுகில் காற்று ஏறும். அப்போதும் பயம் வராது, ஏனென்றால் அது தள்ளிக்கொண்டு போகிறது, கயாக் நன்றாக ஓடுகிறது, நமக்கு நல்லாக ஓட்ட வருகிறது என்ற எண்ணம்தான் வரும். திரும்பினால்தான் கதை தெரியும்.

மேற்குக் கரைக்கு இது அப்படியே மாறும். சோளகத்தில் நாச்சிக்குடாவில் அலை முகத்துக்கு வரும், வாடை நாட்களில்தான் அங்கே கரையோரம் தட்டையாகக் கிடக்கும், வாடைதான் ஆளைப் பாக்கு விரிகுடாவின் நடுவுக்கு, 1974 இல் கீறிய இந்திய, இலங்கைக் கடல் எல்லைக்கோட்டின் பக்கமாகக் கொண்டுபோகும். கட்டுரையாளர் ஆடி மாதத்தைப் பிடித்து இரண்டு கரைக்கும் ஒரே புத்திமதி சொல்லிவிட்டார்.

போன வருடம் ஆடிக்குள் முல்லைத்தீவுக் கரையில் பார்த்ததைச் சொல்கிறேன். லண்டனில் இருந்து வந்த இரண்டு பொடியன்கள், ஒருவனுக்கு இருபது இருக்கும், மற்றவன் அவனுடைய மச்சான், இன்னும் சின்னவன். கையோடு கொண்டுவந்த காற்றடிக்கிற மஞ்சள் கயாக், காலால் மிதித்துக் காற்றேற்றுகிற பம்ப். கரைவலைக்காரர்கள் வலையை மடித்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஒரு ஐயா நிமிர்ந்து பார்த்து, "தம்பியவை, காத்து வெளியாலை இழுக்குது, இண்டைக்கு வேண்டாம்" என்றார். "கிட்டத்தானை அப்பு, இதிலை ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறம்" என்று பெரியவன் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். உயிர்காப்பு அங்கி இருந்தது, ஆனால் ஒன்றை இருக்கைக்குக் கீழே மெத்தையாகப் போட்டிருந்தான், மற்றதைக் கயாக்கின் மூக்கில் செருகியிருந்தான். கொஞ்ச நேரத்தில் திரும்புவதற்காகப் பக்கவாட்டில் வளைத்தார்கள், அந்த இடத்திலேயே கவிழ்ந்தார்கள். பெரியவன் துடுப்பை எட்டிப் பிடிக்கப் போனான், அவன் துடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கும்போது கயாக் அங்கே இல்லை. ஆளில்லாத காற்றுக் கயாக் தண்ணீருக்குள் ஒரு விரலளவுதான் அமிழும், மிச்சம் எல்லாம் காற்றுக்கு மேலே நிற்கும், எந்த நீச்சல்காரனும் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. சின்னவன் பயத்தில் கயாக்கின் கயிற்றை விடவில்லை, அதனால் அவன் அதோடு போய்க்கொண்டிருந்தான். இரண்டு பேரும் இரண்டு இடத்தில். கரையில் நின்ற எங்களுக்கு மஞ்சள் நிறம் மட்டும் தெரிந்தது, தலை தெரியவில்லை.

எஞ்சின் போட் ஒன்று அப்போதுதான் கரைக்கு வந்திருந்தது, அதைத் திருப்பித் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பெரியவனை ஏற்றிவிட்டுச் சின்னவனைத் தேடிப் பிடிக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. வந்து இறங்கியதும் பெரியவன் காசு நீட்டினான், அந்த அண்ணை வாங்கவில்லை, "எண்ணெய்க்குத் தந்தால் காணும்" என்றார்.

இந்த எண்ணெய்க் கதையை எழுதவேண்டும், யாரும் எழுதுவதில்லை. நம் கரையில் ஓடுகிற வெளியிணைப்பு எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. 2022 ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவில் இருந்து ஒரே நாளில் 340 ரூபா ஆனபோது எத்தனை போட் கரையேறிக் கிடந்தது என்று முல்லைத்தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விளையாடப் போனவரைத் தேடி எரிகிற மண்ணெண்ணெய் அந்தக் குடும்பத்தின் நாளைய தொழிலுக்கு வைத்திருந்தது. கடலில் ஒருவர் தத்தளிக்கிறார் என்றால் அவர்கள் கணக்குப் பார்க்கமாட்டார்கள், போவார்கள், அது கடலின் வழக்கம். அதை நம்பிக்கொண்டு நாம் இறங்குவது சரியில்லை.

சரி, இனி இரணைதீவு. 1992 இல் இடம்பெயர்ந்த மக்கள் 2018 சித்திரையில் தாங்களாகவே படகுகளில் வெள்ளைக் கொடியோடு போய் இறங்கி மீட்ட ஊர் அது, யாருக்கும் போய்ப் பார்க்க ஆசை வரும். ஆனால் கயாக்கில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழகினவர் அமைதியான தண்ணீரில் மணிக்கு ஐந்து, ஐந்தரைக் கிலோமீற்றர் போவார், புதியவர் அதுவும் போகமாட்டார். பத்துக் கிலோமீற்றர் கடல் என்று வைத்தால் இரண்டு மணித்தியாலம். எதிர்க்காற்று அடித்தால் அது நாலாகும், பலமாக அடித்தால் ஆகவே ஆகாது, துடுப்புப் போட்டுக்கொண்டே நின்ற இடத்தில் நிற்பீர்கள். பக்கக்காற்று மணிக்கு ஒரு கிலோமீற்றர் தள்ளினாலே இரண்டு மணித்தியாலத்தில் இரண்டு கிலோமீற்றர் விலகியிருப்பீர்கள், கயாக்கின் மூக்கு முழுநேரமும் புறப்பட்ட திசையைப் பார்த்தபடிதான் இருந்திருக்கும். இன்னொன்று, கயாக்கில் இருப்பவரின் கண் தண்ணீருக்கு மேலே ஒரு மீற்றர்கூட இல்லை. அந்த உயரத்தில் தொடுவானம் மூன்றரைக் கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். இரணைதீவு மலையில்லை, தாழ்ந்த தீவு. நடுக்கடலில் முன்னாலும் கரை தெளிவில்லை, பின்னாலும் கரை தெளிவில்லை என்ற ஒரு நேரம் வரும், அந்த நேரத்தில்தான் ஆட்கள் பதற்றப்பட்டு முடிவை மாற்றுவார்கள். அனுபவசாலிகள் புறப்படும் முன்பே இத்தனை மணிக்கு இந்த இடத்தில் இல்லாவிட்டால் திரும்புவது என்று தீர்மானித்துக்கொண்டு போவார்கள், கரையில் இரண்டு அடையாளத்தை, ஒரு கோபுரத்தையும் அதன் பின்னால் ஒரு மரத்தையும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நேரில் வைத்துப் பார்த்தபடி போவார்கள், அவை விலகத் தொடங்கினால் நாமும் விலகுகிறோம் என்று தெரியும்.

பாக்கு விரிகுடா ஆழமில்லாத கடல், அதனால் பயமில்லை என்று ஒரு நினைப்பும் இருக்கிறது. உண்மை நேர்மாறு. ஆழம் குறைந்த இடத்தில் காற்று கிளப்பும் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். பெரிய கடலின் நீண்ட அலையில் கயாக் ஏறி இறங்கிவிடும், இந்தக் குட்டை அலையில் ஒன்றுக்கு நிமிர்வதற்குள் அடுத்தது பக்கத்தில் அறையும். திரும்பி வரும்போது அலை பின்னால் இருந்து சரிவாக வரும், அப்போது கயாக் தானாகவே குறுக்கே திரும்பப் பார்க்கும், புதியவர்கள் அதிகம் கவிழ்வது அதில்தான். கரையை நெருங்கினாலும் முடியவில்லை, கிராஞ்சி, கௌதாரிமுனைப் பக்கங்களில் கடலட்டைப் பண்ணைக்கு நட்ட கம்பும் வலையும் நிற்கிறது, பொழுதுபட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. ஆறரைக்குச் சூரியன் இறங்கினால் ஏழு மணிக்கு இருட்டு. இருட்டில் இந்திய இழுவைப் படகுகள் வருகிற கடல் அது. தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கிற பிளாஸ்டிக் கயாக்கை அவர்களின் ராடாரும் காட்டாது.

இதைச் சொன்னால் சிலர் உடனே வல்வெட்டித்துறை ஆனந்தனை இழுப்பார்கள். குமார் ஆனந்தன் 1971 இல் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப்போய், திரும்பியும் நீந்தி வந்தார், 51 மணித்தியாலம். அதற்கு முன் 1954 இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். பெருமைதான், யார் இல்லை என்றது. ஆனால் ஆனந்தன் நீந்தும்போது பக்கத்தில் படகு வந்தது, வருடக்கணக்கான பயிற்சி இருந்தது. ஆடி விடுமுறைக்கு வந்தவரின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கயாக்கில் நடந்த ஒரு சம்பவத்தை வாடகைக்குக் கயாக் கொடுக்கிறவர்கள் தெரிந்துவைத்திருக்கவேண்டும். இங்கிலாந்தின் தென்கரையில் லைம் விரிகுடா என்று ஒரு இடம். 1993 மார்ச் 22, எட்டு மாணவர்கள், அவர்களுடைய ஆசிரியர் ஒருவர், பயிற்சி நிலையத்தின் பயிற்றுநர்கள் இரண்டு பேர். கரையோரமாகப் பக்கத்து ஊருக்குப் போகிற சின்னப் பயணம்தான். காற்று தரையில் இருந்து கடலுக்கு அடித்தது. கயாக்குகள் வெளியே இழுபட்டன, அலை உள்ளே ஏறி ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிரம்பியது. திரும்பவேண்டிய நேரம் கடந்து மணித்தியாலங்கள் போன பிறகுதான் தேடல் தொடங்கியது. நாலு பிள்ளைகள் செத்துப்போனார்கள். அங்கே முன்பு வேலைசெய்தவர்கள் பாதுகாப்பு போதாது என்று நிலையத்துக்கு ஏற்கனவே கடிதம் எழுதியிருந்தது பிறகு வெளியே வந்தது. நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் இயக்குநர் சிறைக்குப் போனார், 1995 இல் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் இப்படியான நிலையங்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. அங்கே குளிர்த் தண்ணீர், இங்கே சூடு, அது வேறு என்று சொல்லக்கூடும். நம் கடல் 28, 30 பாகை, உடம்பு 37. உடனே கொல்லாது, மெதுவாக உறிஞ்சும். அதோடு நடுப்பகல் வெயில், உப்பு, தாகம் எல்லாம் சேர்ந்தால் மூன்று, நாலு மணித்தியாலத்தில் கை துடுப்பைப் பிடிக்காது.

கெட்டிக்காரருக்கு ஒன்றும் ஆகாது என்றும் இல்லை. அன்ட்ரூ மக்கோலி என்ற அவுஸ்திரேலியர் 2007 இல் தஸ்மானியாவில் இருந்து நியூசிலாந்துக்குத் தனியாகக் கயாக்கில் போனார். ஏறக்குறைய ஒரு மாதம் துடுப்புப் போட்டு, இன்னும் ஒரு நாள் தூரம் என்ற நிலையில் காணாமற்போனார். கயாக் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை.

அப்புறம் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அங்கியை உடம்பில் போட்டுக் கொளுக்கியை மாட்டுங்கள், கவிழ்ந்த பிறகு அலைக்குள் அதைப் போட யாராலும் முடியாது. கவிழ்ந்தால் கயாக்கை விடாதீர்கள், துடுப்பு போனால் போகட்டும், அதற்காகத்தான் துடுப்பை ஒரு மெல்லிய கயிற்றால் கயாக்கோடு கட்டுகிறார்கள். கைத்தொலைபேசியைத் தண்ணீர் புகாத பையில் போட்டு அங்கியோடு வையுங்கள், கயாக்கின் பெட்டிக்குள் வைத்தால் கயாக்கோடு அதுவும் போய்விடும். கரையை விட்டு விலக விலகச் சிக்னல் போய்விடும், ஆகவே தீவுப் பக்கம் போகிறவர்களுக்கு அவசர அழைப்புக்கான 16 ஆவது அலைவரிசை எடுக்கிற கையடக்க வீ.எச்.எப். வானொலிக் கருவி இல்லாமல் சரிவராது. கழுத்தில் விசில். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்த பிறகு காற்று கொண்டுவந்து சேர்க்கும். இது எல்லாவற்றையும்விட, கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏறத் தெரியவேண்டும். நெஞ்சளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். வயிற்றைக் குறுக்கே போட்டு, காலைத் தண்ணீரின் மட்டத்துக்கு உதைத்துக்கொண்டு ஏறி, பிறகு திரும்பி இருக்கவேண்டும். எழும்பி உட்காரப் பார்த்தால் மறுபடியும் கவிழும். களப்பில் தனியாக ஏற முடியாதவர் கடலில் ஏறப்போவதில்லை. இந்தப் பழக்கத்துக்கு இரணைமடுக் குளம் இருக்கிறதே என்பவர்கள் முதலில் அங்குள்ள முதலைகளிடம் கேட்டுவிட்டு வரட்டும்.

களப்பும் முழுக்கப் பத்திரம் என்று சொல்லமாட்டேன். மாரியில் நந்திக்கடல் நிரம்பி வட்டுவாகல் முகத்துவாரம் வெட்டுப்பட்டால் பாலத்துக்குக் கீழே தண்ணீர் இழுக்கிற வேகத்தில் எந்தத் துடுப்பும் நிற்காது, நேரே கடலுக்குள் கொண்டுபோய் வாடை அலையில் விடும். நாயாறும் அப்படித்தான்.

வாடகைக்குக் கொடுக்கிறவர்களுக்கு வருகிறேன். ஒரு இடத்தில் பார்த்தேன், பெயர் வேண்டாம், கொப்பியில் அடையாள அட்டை இலக்கம் எழுதுகிறார்கள், காசு வாங்குகிறார்கள், எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்கவில்லை. அங்கியின் கொளுக்கி பாதி உடைந்து கயிற்றால் கட்டியிருக்கிறது. தேடப் போவதற்கு அவர்களிடம் எஞ்சின் போட்டும் இல்லை. குறைந்தது திரும்பும் நேரத்தை எழுதி, அது கடந்து அரை மணித்தியாலத்தில் யாருக்குச் சொல்வது என்று முன்பே பேசிவைத்திருக்கவேண்டும். அந்தந்த ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தோடு பேசி, கயாக் கடலில் இருக்கும் நேரத்துக்கு ஒரு போட்டைக் கூலி கொடுத்து நிறுத்தினால் அந்தத் தொழிலாளிக்கும் வருமானம், வருகிறவருக்கும் காவல். அந்தச் செலவு கட்டாது என்றால் களப்போடு நிறுத்தட்டும்.

உங்களிடம் கேட்பது சின்ன விசயம். வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் கடற்பகுதிக்கென்று தனியாகக் காற்றின் திசையும் வேகமும் சொல்கிறது. ஆடியில் அதில் மணிக்கு 30 முதல் 40 கிலோமீற்றர் என்று வருவது வழமை. புதியவருக்கு 20 கிலோமீற்றரே அதிகம், 30 என்றால் பழகினவர்களும் கயாக்கைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். அந்தக் காற்று அறிவிப்பைச் சுற்றுலாப் பக்கத்திலேயே ஒரு மூலையில் போடுங்கள், பக்கத்தில் பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117 என்ற இரண்டு இலக்கத்தையும் போடுங்கள்.

இரணைதீவுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் அனுமதி ஏதும் எடுக்கவேண்டுமா என்று விசாரித்துவிட்டு, இரணைமாதா நகரில் படகுக்காரரோடு பேசிப் படகிலேயே போகட்டும். கயாக்கைக் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டு போக அவர்களுக்குத் தெரியும். அங்கே இறங்கி, காற்று மறைந்த பக்கமாகப் பார்த்து, அந்த ஊர் ஆட்கள் சொல்கிற இடத்தில் ஆசைதீர ஓட்டிவிட்டு அதே படகில் திரும்பலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
முள்ளியவளை.